பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்: சாட்ஸ்வொர்த் வாலிபர் ஊழியர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

2022 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். வயது 28. கையில் வேதாகமமும் ஒரு பாக்கெட் மிக்ஸரும். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லி வளர்த்த அம்மாவின் பிள்ளை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "அக்கா, என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க போல. ஆனா ஊருக்குப் போக எனக்கு முகம் இல்லை."

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். தென்னாப்பிரிக்காவில் உள்ள இந்த டர்பனுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. முன்பு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தேன். இப்போது சபை ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஆலோசனை கொடுக்கிறேன். இங்கே எழுதுவதை அவரும் மற்ற இருவரும் படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே தருகிறேன். பெயர் எதுவும் கிடையாது, சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அவரை இதில் தம்பி என்றே சொல்கிறேன். நான் அவரைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

வந்த விதம்

தம்பி மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா பனைத் தொழிலாளியாக இருந்து இறந்தவர். சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டம்) ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, கல்லூரி முடித்து, நான்கு வருடம் ஊரில் வாலிபர் ஊழியம் செய்தவர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலிருந்தே ஊழியரை வெளியே அனுப்பிப் பழகிய மண் அது. வெளிநாட்டு அழைப்பு என்றதும் சபையே சந்தோஷப்பட்டது. வழியனுப்பு ஆராதனை, அசனம் என்கிற சபை விருந்து, சால்வை எல்லாம் நடந்தன. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் நிச்சயதார்த்தமும் முடிந்தது. பெண் பாளையங்கோட்டையில் செவிலியர். இரண்டு வருட விசா. அது முடிந்து வந்ததும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள்.

2022 ஜனவரியில் டர்பன் வந்து இறங்கினார். அழைத்தது டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு சுயாதீன சபை. தங்க இடம், ஒரு மூப்பர் வீட்டின் பின்னால் உள்ள அவுட்பில்டிங். ஓர் அறை, ஒரு சின்னச் சமையல் மேடை, தனிக் குளியலறை. இங்கே பாதிக் குடும்பங்கள் அப்படி ஒன்றைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும்.

அவரை அனுப்பியவர்களுக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: "அங்கே நம்ம தமிழ் ஆளுங்க நிறைய இருக்காங்க." அது உண்மைதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியில் இறங்கினார்கள். அதில் பெரும்பகுதி சென்னை வழியாக வந்தவர்கள். 1950-ன் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பல இடங்களிலிருந்து பிடுங்கி, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டியது. 2001 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கிறிஸ்தவர். எல்லாம் சரி. ஆனால் தம்பி பிரசங்கம் செய்ய வந்த அந்த வாலிபர்களில் ஒருவருக்கும் தமிழ் பேச வராது. கவெண்டர், பிள்ளே, மூட்லி, நாயுடு என்று பெயர் இருக்கும். கறிக்குக் கறி என்பார்கள், அண்ணனை அண்ணா என்பார்கள். அதற்கு மேல் எல்லாம் ஆங்கிலம். அதுவும் தம்பி கல்லூரியில் படித்த ஆங்கிலம் இல்லை. 'லைட்டி' என்றால் சின்னப் பையன் என்பது அவருக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது. பெட்டியில் தமிழில் எழுதிக் கொண்டுவந்த பதினெட்டுப் பிரசங்கங்கள் பெட்டியிலேயே இருந்தன.

அவர் அம்மா போனில் அந்தப் பெயர்களைக் கேட்டுவிட்டு, "அவங்க என்ன ஆளுங்கப்பா?" என்றார்களாம். அந்தப் பெயர்களெல்லாம் இங்கே வெறும் குடும்பப் பெயர்கள், அதை வைத்து யாரும் எதையும் கணக்குப் போடுவதில்லை என்று விளக்கப் போய், விளக்க முடியாமல் விட்டுவிட்டார். அம்மாவிடம் சொல்ல முடியாத விஷயங்களில் அதுதான் முதலாவது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வேலை நன்றாகவே நடந்தது

இதைச் சொல்லியே ஆக வேண்டும். தம்பி நல்ல ஊழியர். சோம்பேறித்தனமோ தகுதிக்குறைவோ இந்தக் கதையில் எங்கும் கிடையாது.

சாட்ஸ்வொர்த் பெற்றோர் பிள்ளைகளைப் பற்றிப் பயந்தே வாழ்கிறவர்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. 2000 மார்ச் 24 அன்று, பள்ளித் தவணை முடிந்த கொண்டாட்டத்துக்காக த்ராப் என்ற இரவு விடுதியில் பகல் நேரத்தில் கூடிய பிள்ளைகள் நடுவே யாரோ கண்ணீர்ப்புகைக் குப்பியைத் திறந்துவிட, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். நெல்சன் மண்டேலா வந்து அந்தக் குடும்பங்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் இங்குள்ள இளையோர் மையம். என்னிடம் வரும் தாய்மார் இன்னும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்புறம் 'சுகர்ஸ்' வந்தது. மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்து விற்கிற போதை. ஒரு பொட்டலம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், விடுவது மட்டும் லேசில் நடக்காது. வீட்டிலுள்ள தண்ணீர்க் குழாயைக் கழற்றி விற்ற பையன்களை எனக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை இரவு பிள்ளை வாலிபர் கூட்டத்தில் இருந்தால் அம்மாவுக்குத் தூக்கம் வரும். "பாஸ்டர் கையில இருக்கான், பயமில்லை." அந்தக் கை ஓர் 28 வயதுப் பிள்ளையுடைய கை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

வந்து மூன்று மாதத்தில் வெள்ளம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாட்ஸ்வொர்த்தில் சரிவில் கட்டிய வீடுகள் மண்ணோடு இறங்கின. அது பரிசுத்த வாரம். 15-ஆம் தேதி பெரிய வெள்ளி. தம்பி அன்று பிரசங்க மேடையில் நிற்கவில்லை. இருபது வாலிபர்களோடு மண்வெட்டி பிடித்து ஒரு வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வயதானவர்கள் வீட்டுக்கு வாளி வாளியாகச் சுமந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து கூட்டத்துக்கு வரும் மூன்று ஜூலு பையன்களும் கூட இருந்தார்கள். முந்தின வருடம் ஜூலைக் கலவரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்து, இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிய காலம் அது. அந்தச் சேற்றில் அவர்கள் சேர்ந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். தம்பியின் தோளைத் தட்டி, "உங்களை மாதிரி பத்து பேர் வேணும்" என்றேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பதினாறு வருட அனுபவம் உள்ள நான் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

நான்கு மணி அலாரம்

இந்தியாவுக்கும் இங்கேயும் மூன்றரை மணி நேர வித்தியாசம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். தம்பியின் நாளில் அதை வைத்துப் பாருங்கள். கூட்டம், வீடு சந்திப்பு, போதைக்குப் போன பையனைத் தேடி அலைவது எல்லாம் முடித்து அவர் அறைக்கு வர இரவு ஒன்பதரை. ஊரில் அப்போது இரவு ஒரு மணி. அம்மாவும் தூக்கம், நிச்சயித்த பெண்ணும் தூக்கம். ஆகவே அதிகாலை நான்கு மணிக்கு அலாரம் வைத்தார். அங்கே அப்போது ஏழரை, அந்தப் பெண் டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் இருப்பார். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, முகம் கழுவாமல், பஸ் இரைச்சலில் பன்னிரண்டு நிமிடம். அதிலும் மின்வெட்டு நேரமாக இருந்தால் வைஃபை இருக்காது, சில நாள் டவரும் இருக்காது. "சாப்பிட்டீங்களா", "ஆமா", "ஜெபிச்சுக்கோங்க", "சரி". இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே களைத்தவர்கள். ஜூன் மாதத்துக்குள் அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஒரு கடமையாகிவிட்டது.

மாதம் ஒரு ஜெபக்கடிதம் ஊருக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதங்களை எனக்குக் காட்டினார். வரிசையாகப் படித்தேன். ஜூலைக் கடிதம்தான் எல்லாவற்றிலும் உற்சாகமானது. ஐந்து புகைப்படம், மூன்று சாட்சி, இரண்டு ஸ்தோத்திர விண்ணப்பம். ஜூலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த மாசம்தான் அக்கா நான் தினமும் ராத்திரி அழுதேன்."

நடந்தது

வாலிபர் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி, வயது 22. அவருடன் பிறந்த இளையவன் சுகர்ஸில் விழுந்தவன். அந்தப் பையன் வீட்டை விட்டுப் போன ஓர் இரவில் மாணவி தம்பிக்கு வாட்ஸப்பில் எழுதினார், தம்பியும் ஆறுதலாகப் பதில் எழுதினார். அது ஊழியம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பையன் கிடைத்த பிறகும் எழுத்து நிற்கவில்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை போகும். அந்தப் பெண் கல்லூரியைப் பற்றி எழுதுவார். தம்பி பனங்கிழங்கைப் பற்றி, அப்பாவைப் பற்றி, மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று தெரியும் என்பதைப் பற்றி எழுதுவார். காதல் என்று ஒரு வார்த்தை இல்லை. தனியாகச் சந்தித்ததும் இல்லை. நான் எல்லாவற்றையும் படித்தேன், அந்தப் பெண்ணிடமும் தனியே பேசினேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் இரவு அவர், நீங்கள் இல்லாமல் இந்த வருடத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன் என்று எழுதினார். அன்று தம்பி மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் எழுந்ததும், ஏன் இவ்வளவு நிம்மதி என்று யோசித்துப் பயந்துபோனார்.

பயந்த அன்றே யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை வேறு. சொல்ல ஆள் இல்லை. மூப்பரிடம் சொன்னால் சாட்சி கெட்டுவிடும். ஊரில் சொன்னால் சபைக்கு அவமானம். மாணவியின் அத்தை போனைப் பார்த்து, விஷயம் ஞாயிறு ஆராதனைக்குப் பின் தேநீர் மேசைக்கு வந்தது. மூப்பர்கள் தம்பியைக் கூப்பிட்டு ஜெபித்தார்கள், கண்டித்தார்கள், இரவு எட்டுக்கு மேல் போன் கூடாது என்றார்கள். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அனுப்பிய சபையின் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டார்கள். அந்தக் குழுவில் நிச்சயித்த பெண்ணின் தாய்மாமா இருக்கிறார். இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்தது. தம்பி வாயைத் திறக்கும் முன்னே அந்தப் பெண் வார்டில் நிற்கும்போது யாரோ போனில் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் கடிதம் போட்டது தவறு. அதை மூப்பர்கள் முன்னிலையிலேயே சொன்னேன்.

தம்பிக்கும் பொறுப்பு உண்டு, அதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மாணவி அவர் பராமரிப்பில் இருந்தவர். ஆறுதல் தேடி வந்தவரிடம் தன் ஆறுதலையும் வாங்கிக்கொண்டார். அவர் மனதில் பாவமான எண்ணம் இல்லை என்பதால் அது சரியாகிவிடாது. அந்த மாணவிக்கு இரண்டு மாதம் சபைக்கு வரவே கூச்சம். அவருக்கென்று தனியாக ஒரு பெண் ஆலோசகரை ஏற்பாடு செய்தோம். பையன் விஷயத்தை வேறொரு மூப்பர் எடுத்துக்கொண்டார். தம்பி அந்தக் குடும்பத்திடம் பெற்றோர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார், ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு விலகி நின்றார்.

முப்பத்தேழு பெயர்கள்

மூன்றாம் சந்திப்பில் ஒரு தாளைக் கொடுத்தேன். "போன ஏழு நாள்ல நீங்க பேசின எல்லார் பேரையும் எழுதுங்க. பக்கத்துல, அவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு எழுதுங்க" என்றேன். அரை மணி நேரம் எழுதினார். 37 பெயர். 33 பேருக்குப் பக்கத்தில் 'பாஸ்டர்'. ஊர்ச் சபையார் இரண்டு பேர், 'பிரதர்'. அம்மா, 'ராசா'. கடைசியில் ஒன்று, 'தம்பி'. நிச்சயித்த பெண்ணின் பெயர் தாளில் இல்லை. ஐந்து வாரமாக அவர் போனை எடுக்கவில்லை.

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "என் பேரைச் சொல்லி யாருமே கூப்பிடலை அக்கா" என்றார். ஊரில் அவருக்கு நான்கு கூட்டாளிகள். 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்கள், பிரசங்கம் நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்வார்கள், பைக்கைக் கடன் கேட்பார்கள், சண்டை போடுவார்கள். ஊழியத்தில் இருந்த நான்கு வருடமும் அவரைத் தாங்கியது அந்த 'ஏலே'தான் என்று அப்போது இரண்டு பேருக்குமே புரிந்தது. வழியனுப்பு ஆராதனையில் அதைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நிகழ்வில் நான் சொல்ல வருவது இதைத்தான். மூப்பர்கள் இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்தார்கள், ஊரில் துரோகமாகப் பார்த்தார்கள். நான் பார்த்தது, ஒரு மனிதனுக்கு வேண்டிய எல்லா உறவையும் ஊழியம் என்ற ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, வழிந்ததும் அவனைக் குற்றம் சொன்னதை. 1903-ல் நெல்லூர் தெலுங்கு பாப்டிஸ்டுகள் ஜான் ரங்கையாவை நேட்டாலுக்கு அனுப்பியபோது குடும்பத்தோடு அனுப்பினார்கள். கப்பல் பயணத்துக்கும் காசில்லாத காலத்திலேயே அது தோன்றியிருக்கிறது. விமானமும் வாட்ஸப்பும் வந்த பிறகு, பேசிக்கொள்ளலாமே என்ற நினைப்பில் ஆளைத் தனியாக அனுப்புகிறோம்.

திங்கட்கிழமை மேசை

தாளில் இருந்த அந்த ஒரு 'தம்பி' யார் என்று கேட்டேன். "வீட்டுக்கார ஆயா" என்றார். நம் பக்கத்தில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், பாட்டியை ஆச்சி என்போம். இங்கே பாட்டிதான் ஆயா, வட ஆற்காட்டிலிருந்து கப்பலேறி வந்த வார்த்தை. மூப்பரின் அம்மா, எண்பதைத் தாண்டியவர், கரும்புத் தோட்டத்து பாரக்கில், அதாவது கூலிகள் குடியிருப்பில், பிறந்தவர். மகன் கிறிஸ்தவரானாலும் ஆயா மாரியம்மனை விடவில்லை. பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலுக்குத்தான் போவார். தோட்டத்துக் கூலிகளுக்கு ஈஸ்டரில்தான் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும், அதனால் அம்மன் திருவிழாவே அந்த நாளில் வந்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். ஆயாவின் தமிழ் கொஞ்சம் உடைந்த தமிழ். தம்பியின் ஊழியத்தைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. "தம்பி, மெலிஞ்சு போய்ட்டே, கஞ்சி குடி" என்பார். அவ்வளவுதான்.

அங்கிருந்து தொடங்கினோம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, அன்று 'பாஸ்டர்' என்று கூப்பிடாத மனிதர்களோடு மட்டும் இருக்க வேண்டும் என்று சபையோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தோம். அந்த நாள் திங்கட்கிழமை. அன்று ஆயாவின் கார் கொட்டகையில் துன்னி ஆட்டம் நடக்கும். தண்ணி என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். 24 சீட்டு, நாலு பேர், ஆளுக்கு ஆறு. ஜாக்தான் பெரிய சீட்டு, அதற்கு அடுத்தது ஒன்பது. ஆறு பிடியையும் நானே எடுப்பேன் என்று துணிகிறவன் "துன்னி!" என்று கத்த வேண்டும். மேசையில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், எதிர்வீட்டு முஸ்லிம் மெக்கானிக் ஒருவர், ஆயாவின் பேரன் ஒருவன். நாலாவது ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி முதலில் மறுத்தார். சீட்டைக் கையால் தொடாத குடும்பம். பணம் வைத்து ஆடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டு, அம்மாவிடமும் போனில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் தப்பான சீட்டைப் போட்டு பிடியைக் கோட்டை விட்டதற்கு டிரைவர் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாராம், பெயரைப் பாதியாக வெட்டி. அதை என்னிடம் சொல்லும்போது தம்பிக்குக் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

நிச்சயித்த பெண் இரண்டு மாதம் கழித்து அவராகவே கூப்பிட்டார். திட்டவில்லை. "அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாராம். ஜூலையில் அவர் இதைக் கேட்டிருந்தால் தம்பி, "கர்த்தர் இருக்கார்" என்று சொல்லி முடித்திருப்பார். இந்த முறை 37 பெயர்த் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். பேச்சு மறுபடி தொடங்கியது. அதிகாலை நான்கு மணியை விட்டார்கள். அந்தப் பெண்ணின் வார விடுமுறையும் தம்பியின் திங்களும் சேரும்படி டியூட்டியை மாற்றிக்கொண்டு, வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். தாய்மாமா சம்மதிக்க ஒரு வருடம் ஆனது. 2024 ஜனவரியில் இரண்டு சபைகளிலும் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து, ஊரில் கல்யாணம். விசா புதுப்பித்து, மே மாதம் இரண்டு பேருமாக டர்பன் வந்தார்கள்.

போன மாதம் அவர் மனைவியை என் வீட்டுக்கு அழைத்துவந்தார். ஊரில் ஒரு வார்டையே நடத்தியவர். இங்கே செவிலியர் கவுன்சிலில் பதிவாகாமல் வேலை பார்க்க முடியாது, அதற்கான தாள்கள் இன்னும் வரவில்லை. சபையில் எல்லாரும் 'சிஸ்டர்' என்கிறார்கள். தம்பி போனில் பேச வெளியே எழுந்து போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவருக்குத் திங்கட்கிழமை இருக்கு அக்கா. எனக்கு?"

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.